கறியை விட்டால் போதுமா?

தவக்காலம் தொடங்கிவிட்டது என்பது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைப் பொறுத்தவரை முதலில் யாருக்குத் தெரியும்? பங்குச் சாமியாருக்கு அல்ல, கறிக்கடைக்காரருக்கு! ஞாயிறு காலை தவறாமல் வந்து நிற்கும் ஆளைக் காணோம் என்றால், ‘சரி, நோன்பு ஆரம்பித்துவிட்டது’ என்று அவர் புரிந்துகொள்வார். மறுபடி அந்த ஆளை அவர் பார்ப்பது ஈஸ்டருக்கு முந்தின நாள் சாயங்காலம்தான். அன்று வழக்கமான ஒரு கிலோ இல்லை, மூன்று கிலோ.

காரைக்குடிப் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. செட்டிநாடு என்றாலே உப்புக்கறியும் நண்டு ரசமும் நாட்டுக்கோழிக் குழம்பும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். அப்படிப்பட்ட ஊரில் நாற்பது நாள் கறி மீன் தொடாமல் இருப்பதற்கு மன உறுதி வேண்டும். அதை யாரும் கேலி செய்யத் தேவையில்லை. ஆனால் அதே நாட்களில் உப்புக்கறி இருந்த இடத்தில் ‘காளான் உப்புக்கறி’ வருகிறது. கோழி பிரியாணி இருந்த இடத்தில் பனீர் பிரியாணி வருகிறது. மாலையில் வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி! கணக்குப் போட்டால் சில வீடுகளில் தவக்கால மளிகைச் செலவு மற்ற மாதங்களைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். நாக்கு எதையும் இழக்கவில்லை. ஆட்டுக்கு மட்டும் ஆயுள் கொஞ்சம் நீண்டது.

இதற்குப் பெயர் தவமா?

சட்டம் கேட்பது கொஞ்சம்தான்

சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த நாட்களும் 40 என்பதால்தான் இந்தக் கணக்கு. இத்தனை நாட்களில் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் கட்டாயமாகக் கேட்கும் ஒருசந்தி இரண்டே நாட்கள்தான்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது முடிந்தவர்களுக்கு, 59 வயது வரை. 14 வயது முடிந்தவர்கள் அந்த இரண்டு நாளும் வெள்ளிக்கிழமைகளிலும் சுத்தபோசனம் காக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். நாற்பது நாளும் கறியை விடுவது மக்கள் தாங்களாக விரும்பி எடுத்துக்கொண்ட வழக்கம்.

சட்டம் ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறது? உணவு இந்தக் காலத்தின் ஒரு பங்கு மட்டுமே என்பதால்தான். செபம், நோன்பு, தர்மம் மூன்றும் சேர்ந்ததுதான் தவக்காலம். சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு 6-ம் அதிகாரம் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. மூன்றையும் பிறர் பார்க்கச் செய்யாதே என்றும் சொல்கிறது. இதில் செபத்துக்குச் சிலுவைப்பாதை இருக்கிறது. நோன்புக்குக் காளான் இருக்கிறது. தர்மத்துக்கு? கோயிலில் கொடுக்கும் தவக்கால உண்டியலில் சில்லறை!

எசாயா 58-ம் அதிகாரத்தைத் தவக்காலத்தில் ஒருமுறையாவது கேட்காத கத்தோலிக்கர் குறைவு. சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளியும் சனியும் திருப்பலியில் அதுதான் முதல் வாசகம். அதில் வரும் மக்கள் நோன்பிருந்துவிட்டு, கடவுள் கண்டுகொள்ளவில்லையே என்று குறைப்படுகிறார்கள். இறைவாக்கினர் முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்கிறார்: நோன்பு நாளிலும் வேலையாட்களை வதைக்கிறீர்கள், சண்டை பிடிக்கிறீர்கள், இதுவா நோன்பு? கட்டுண்டவனை அவிழ்த்துவிடு, பசித்தவனுக்குப் பங்கு கொடு, வீடற்றவனை உள்ளே சேர் என்கிறார். அந்த அதிகாரத்தில் காய்கறி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதாவது, ஒருவர் நோன்பு இருந்தால் இன்னொருவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். யாருக்கும் எதுவும் கிடைக்காத நோன்பு வெறும் பத்தியம். டாக்டர் சொன்னாலும் அதைச் செய்யலாம்.

ஓரியூரில் ஒரு சாம்பல் புதன்

இந்த மண்ணுக்கு இதைத் தூர தேசத்து உதாரணம் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சிவகங்கை மறைமாவட்டத்துக்குள்தான் ஓரியூர் இருக்கிறது. அருளானந்தர் என்று தமிழர் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ அங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்ட நாள் 1693 பிப்ரவரி 4. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 22-ல் வந்தது. ஈஸ்டர் வரக்கூடிய மிக முந்தைய தேதியே அதுதான். அங்கிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி 4, சாம்பல் புதன்!

லிஸ்பனில் பிறந்த அவர் மதுரை மிஷனில் பண்டாரசாமி கோலத்தில் வாழ்ந்தார். காவி உடுத்தார், புலால் உண்ணவில்லை. வருடத்துக்கு 40 நாள் கணக்கு இல்லை, எல்லா நாளும். கறி உண்ணாததற்காக அவரை யாரும் வெட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மரக்கறி சாமியார் இருந்தால் அரசருக்கு என்ன நஷ்டம்?

அவர் உயிர் போனது வேறு காரணத்துக்காக. மறவர் சீமையின் பிரமுகரான தடியத் தேவர் கிறிஸ்தவரானார். ஒரு மனைவி போதும் என்ற நிபந்தனையை ஏற்று, மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். பிரச்சனை அரண்மனைக்குப் போனது. முடிவு ஓரியூர் மணலில். (விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வேறு மாதிரிக் கதை. அதைப் பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை. சொல்லத்தான் வேண்டும்.)

இந்தக் கதையில் தவக்காலத்துக்கு என்ன இருக்கிறது? மனமாற்றம் என்பது தட்டில் நடக்கும்வரை யாருக்கும் கோபம் வராது. அது அந்தஸ்தில், உறவில், அதிகாரத்தில் கை வைக்கும்போதுதான் ஊர் அதிர்கிறது. சிவகங்கைச் சீமையின் கிறிஸ்தவம் அப்படி ஒரு சாம்பல் புதனில் வேர்விட்டது. அதே சீமையில் இன்று சாம்பல் புதன் என்றால் ‘இன்றிலிருந்து முட்டை உண்டா இல்லையா’ என்ற விவாதமாகச் சுருங்கியிருக்கிறது.

கல்லறையை விட்டுக்கொடுத்தவர்

தவக்காலம் போய்ச் சேரும் இடம் ஈஸ்டர். ஈஸ்டர் எங்கே தொடங்குகிறது? ஒரு கல்லறையில். அந்தக் கல்லறை இயேசுவுடையது இல்லை என்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

அரிமத்தியா ஊர் யோசேப்பு பணக்காரர். தனக்கென்று பாறையில் புதுக் கல்லறை வெட்டி வைத்திருந்தார் என்கிறது மத்தேயு நற்செய்தி. அன்று சிலுவையில் இறப்பவன் என்றால் அரசுக்கு எதிரி, சமூகத்துக்கு அவமானம், சட்டப்படி சபிக்கப்பட்டவன். அப்படிப்பட்டவனின் உடலைக் கேட்டு வாங்கி, தனக்கு வைத்திருந்த இடத்தில் கிடத்தினார் யோசேப்பு. பெரிய வெள்ளியன்று ஒருவர் உண்மையிலேயே எதையாவது விட்டுக்கொடுத்தார் என்றால் அது இவர்தான். அவர் விட்டது கறியை இல்லை. தன்னுடைய கல்லறையை, தன் கௌரவத்தை!

உயிர்ப்பு நடந்தது அந்த விட்டுக்கொடுத்த இடத்தில். அப்படியானால் ஈஸ்டர் கொண்டாடும் சபையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்ன? உங்கள் கல்லறைத் தோட்டம் எப்படி இருக்கிறது என்பதுதான்.

பதில் வெட்கக்கேடானது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் பகுதியையும் மற்றவர்களின் பகுதியையும் பிரித்து நின்ற சுவர் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஒரே திருமுழுக்கு, ஒரே நற்கருணை, ஒரே சிலுவை. ஆனால் மண்ணுக்குள் போன பிறகு நடுவில் ஒரு சுவர்! இறுதி நாளில் எல்லோரும் எழுந்து வருவார்கள் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறார்களே, எழுந்து வரும்போது யார் எந்தப் பக்கம் என்று அந்தச் சுவர் காட்ட வேண்டுமா?

9 மார்ச் 2008

உளுந்தூர்பேட்டை அருகே எறையூர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம், அன்று விழுப்புரம் மாவட்டம். பழைய கத்தோலிக்க ஊர். ஒரே விசுவாசம் கொண்ட வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் வாழும் ஊர். கோயிலில் சமமாக நடத்தப்படவில்லை, பொதுப்பாதையில் சவ ஊர்வலம் போக முடியவில்லை, தனிக் கல்லறை என்பவை தலித் மக்களின் நீண்ட காலக் குறைகள். தங்கள் பகுதியிலுள்ள ஆலயத்தைத் தனிப் பங்காக்க வேண்டும் என்று கேட்டு அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆண்டுத் தவக்காலத்தில் தமிழ்நாட்டிலேயே பொருள் உள்ள நோன்பு ஒன்று உண்டென்றால் அது அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குக் கிடைத்த பதில், 2008 மார்ச் 9-ம் தேதி தலித் மக்களின் வீடுகள் மீது தாக்குதல். கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. தாக்கிய தரப்பைச் சேர்ந்த 2 பேர் இறந்தார்கள்.

காலண்டரைப் பாருங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஈஸ்டருக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு. உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் அந்த ஞாயிறு வாசித்த நற்செய்தி, லாசர் கல்லறையை விட்டு வெளியே வந்த கதை! அந்த ஊரிலும் அன்றைக்குப் பலர் கறி சாப்பிடாமல் இருந்திருப்பார்கள். சுத்தபோசனம் காத்த கைகளே கல்லை எடுத்தன என்றால் அந்தச் சுத்தத்துக்கு என்ன பொருள்?

இது எங்கோ ஒரு ஊரில் தவறி நடந்தது என்று தள்ளிவிட முடியாது. திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருக்கின்றன என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. இதற்கு வேரும் ஆழம். பிராமண சந்நியாசி கோலத்தில் ஒருவகைக் குருக்கள், பண்டாரசாமி கோலத்தில் இன்னொரு வகைக் குருக்கள் என்று 17-ம் நூற்றாண்டு மதுரை மிஷனே சாதி ஏணியை அனுசரித்துத்தான் நடந்தது. அருளானந்தரும் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தவர்தான். சீர்திருத்தச் சபைகளும் இதில் தப்பவில்லை. சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனே கைவிட வேண்டும் என்று ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. உத்தரவு வந்தும் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. திருமண விளம்பரங்களில் இன்றும் ‘ஆர்.சி.’ என்பதற்கும் ‘சி.எஸ்.ஐ.’ என்பதற்கும் பக்கத்தில் சாதிப்பெயர் உட்கார்ந்திருக்கிறது.

வழக்கமான நான்கு பதில்கள்

இதைச் சொன்னால் உடனே சில பதில்கள் வரும்.

ஒன்று: “சின்ன ஒறுத்தலாக இருந்தால் என்ன, அதுவும் நல்லதுதானே?” நல்லதுதான். பசி என்றால் என்ன என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் அது. ஆனால் அது முதல் படி. முதல் படியிலேயே வருடாவருடம் பாய் விரித்துப் படுத்துக்கொள்பவர் மாடிக்குப் போனதாகச் சொல்லக்கூடாது.

இரண்டு: “சாதி சமூகப் பிரச்சனை, அதை ஆன்மிகத்தில் கலக்காதீர்கள்.” எசாயா கலந்துவிட்டாரே! இயேசு பெரிய வியாழனன்று அடிமை செய்யும் வேலையைச் செய்து சீடர்களின் காலைக் கழுவினாரே, அது சமூகமா ஆன்மிகமா? இந்தக் கால் கழுவும் சடங்கில்கூட நீண்ட காலம் ஆண்களின் கால் மட்டுமே விதிப்படி கழுவப்பட்டது. பெண்களையும் சேர்க்கலாம் என்று போப் பிரான்சிஸ் விதியை மாற்றியது 2016-ல்தான். சடங்குக்குள் எப்போதும் சமூகம் இருக்கிறது. யாருக்குச் சாதகமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மூன்று: “லெந்து நாட்கள் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? இதெல்லாம் மனுஷர் கற்பனை.” சரி, 40 நாள் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் எசாயா 58-ம் அதிகாரம் எல்லா சபைகளின் வேதத்திலும் இருக்கிறது. 40 நாள் மட்டும் செய்தால் போதாது, 365 நாளும் செய்ய வேண்டும் என்பதுதான் அந்த வாதத்தின் நேர்மையான முடிவு. அதற்குத் தயாரா?

நான்கு: “வீட்டு அழுக்கை அடுத்தவர் முன் துவைக்கலாமா? மற்ற மதத்தில் இல்லையா?” இருக்கிறது. தேவகோட்டை பக்கத்தில் கண்டதேவி கோயில் தேர்வடத்தைத் தலித் மக்கள் தொடலாமா என்ற பிரச்சனை 1998 முதல் நீதிமன்றப் படியேறியது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர், பலத்த போலீஸ் காவலோடு 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ‘பாருங்கள், அங்கே எப்படி!’ என்று சொன்ன கிறிஸ்தவர்கள் உண்டு. அங்கே வடம் என்றால் இங்கே கல்லறை. அடுத்தவர் கண்ணிலுள்ள துரும்பு பற்றி ஓர் உவமை சொன்னவர் யார் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சருகணியில் இருக்கும் பதில்

சரி, தவக்காலத்தை எப்படித்தான் வாழ்வது? அதற்கும் இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. சருகணி தேவாலயத்துக்கு 1801-ல் மாரணி என்ற கிராமத்தையே கொடையாகக் கொடுத்தவர்கள் மருது சகோதரர்கள். ஈஸ்டரையொட்டி அங்கே நடக்கும் தேர்பவனியிலும் அவர்கள் பெயர் சொல்லப்படுகிறது. கொடுத்தவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை! தவக்காலமும் ஒருசந்தியும் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் தங்கள் கோயில் இல்லாத ஒரு கோயிலுக்கு ஊரையே விட்டுக்கொடுத்தார்கள்.

அதே சருகணியில் வாழ்ந்து, 1973-ம் ஆண்டு மார்ச் மாதம், தவக்காலத்திலேயே கண் மூடினார் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த இயேசு சபைக் குரு லெவே அடிகளார். வறண்ட பூமியில் குளங்களையும் ஊருணிகளையும் வெட்டவைத்தார். வெட்டியவர்களுக்குக் கூலி கிடைத்தது, ஊருக்குத் தண்ணீர் கிடைத்தது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஊருணியின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊருணியில் தண்ணீர் எடுக்க வருபவர் பெரிய வெள்ளிக்குக் கஞ்சி குடித்தாரா கறி தின்றாரா என்று தண்ணீர் கேட்பதில்லை. ஒறுத்தல் என்றால் இப்படி இருக்க வேண்டும். முடிவில் யாராவது ஒரு குடம் தண்ணீராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எல்லோராலும் ஊருணி வெட்ட முடியாது. ஆனால் வட்டிக்குப் பணம் கொடுப்பவர் கறியோடு சேர்த்து அந்த நாற்பது நாள் வட்டியையும் விடலாம். வேலைக்கு வரும் பெண்ணுக்கு வீட்டில் தனி டம்ளர் வைத்திருப்பவர் அந்த டம்ளரை விடலாம். மிச்சமான கறிக்காசு எவ்வளவு என்று எழுதி வைத்து, அதை அப்படியே பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாம். வரதட்சணைப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் அந்தத் தொகையை விடலாம். பங்குப் பேரவையில் இருப்பவர்கள் பாஸ்கா நாடகத்துக்கு எத்தனை மைக் செட் என்று பேசும் கூட்டத்திலேயே, கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே புதைக்கிறார்கள், ஏன் என்று ஒரு கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்வியால் கூட்டம் அமைதியாகிவிட்டால், கேள்வி சரியான இடத்தில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சாம்பல் புதனன்று பூசும் சாம்பல், போன வருடக் குருத்தோலையை எரித்து எடுத்தது. போன வருடம் ‘ஓசன்னா’ என்று ஆட்டிய ஓலை, ஒரே வருடத்தில் நெற்றியில் ஒரு கோடு. வன்னியர் நெற்றியிலும் தலித் நெற்றியிலும் உடையார் நெற்றியிலும் நாடார் நெற்றியிலும் ஒரே தட்டிலிருந்து எடுத்துப் பூசப்படுவது அது. அந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் மண் என்று ஒப்புக்கொள்கிறார்கள். அதே ஆட்கள் உண்மையிலேயே மண்ணுக்குப் போகும் நாளில் மட்டும் தனி இடம் ஏன் என்பதற்கு, அடுத்த ஈஸ்டர் பிரியாணிக்குள்ளாவது சபைகள் பதில் சொல்லட்டும்.